வெண்டலுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு

சென்ற சனிக்கிழமை ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவிலுள்ள இந்தியக் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு பில் போட நின்றேன். கல்லாவில் இருந்த பெண் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் ஒரு புட்டியைத் திறந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டாள். நாளெல்லாம் சாமான் தூக்கி வைத்து வலித்திருக்கும். அந்த நெடி ஏறியதும் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். "ஆர் யூ ஓகே, ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். ஓகே என்றேன். காருக்குள் வந்து உட்கார்ந்தபின் வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை.

ஒவ்வொரு பியானோ ரெக்கார்டிங்குக்கும் முன்னால் நீ தேய்த்துக்கொள்ளும் தைலம் அது. நாகர்கோவிலிலிருந்து யார் வந்தாலும் அதில் நாலு புட்டி வாங்கி வரச் சொல்வாய். "நா வந்துட்டேன்னு ஸ்டுடியோல ஆரும் சொல்லாண்டாம் ஏட்டி, மூக்கே சொல்லிரும்" என்பாய். நீ போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் நீ அறிந்திருக்க மாட்டாய்.

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நாம் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். உலர்த்தும் இயந்திரம் ஒன்றில் ஏதோ பித்தான் மாட்டிக்கொண்டு டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. நீ அதன் மேல்மூடியில் பத்து விரல்களாலும் தாளம் போட்டுக்கொண்டு நின்றாய். நான் வந்ததைக் கவனிக்கவே இல்லை. பொள்ளாச்சிக்காரி எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஏம் புள்ள, உள்ள துணி போட்டிருக்கியா, இல்ல சும்மா வாசிக்கறியா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் அந்த அறையே அதிர்ந்தது. அன்றைக்கே உன் கதையைச் சொல்லிவிட்டாய். பள்ளிக்கூட நாளிலிருந்து ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்தவள். சாமுவேல் அண்ணாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாய். அவர் கம்ப்யூட்டர் கன்சல்டன்ட். உன்னுடைய விசாவில் நீ சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. குழந்தை நிஷா அப்போது இன்னும் பிறக்கவில்லை. பகல் முழுவதும் நீயும் நான்கு சுவர்களும்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், உனக்குத் தெரியாது. நம் சிநேகிதம் உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. நியூவார்க்குக்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் கூடும் ஒரு சின்னத் தேவாலயத்தில் பியானோ வாசிக்க ஆள் இல்லையாம், சம்பளம் கிடையாதாம் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நெற்றியில் பொட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு பெரியம்மா விசிறி கொடுத்தார்.

நீ பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய். அந்தப் புத்தகத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடுகிற அம்மாள் தனக்குத் தோன்றிய சுருதியில் எடுத்தார். பாதியில் அதை ஏற்றினார். போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே பியானோவும் கூடப் பேச வேண்டும் என்று எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ திணறிப்போனாய். டிரம்ஸ் வாசித்தவர் புன்னகையோடு உனக்காக மெதுவாக்கினார். அது உன்னை இன்னும் கூனிக் குறுக வைத்தது. திரும்பி வரும்போது காரில் அழுதாய்.

"இவ்வளவு வருசமா நா வாசிச்சதெல்லாம் வெறும் டைப்ரைட்டிங் கேட்டியா, கௌசி. எழுதி வச்சத அடிச்சிருக்கேன், அவ்வளவுதாம்."

"அப்போ அடுத்த வாரம் வர வேண்டாமா?"

"வராம பின்ன? நீ வண்டி எடுக்க மாட்டியோ?"

ஒவ்வொரு வாரமும் போனோம். அந்த டிரம்ஸ்காரர் ஞாயிறு மதியங்களில் ஓர் உணவகத்தில் ஜாஸ் வாசிப்பார். அங்கேயும் உன்னை இழுத்துப் போனார். எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத் தொடங்குகிறார்கள், பிறகு அதை ஏன் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் பதில் சொல்கிறார், அதனால்தான் ஒரே பாட்டு ஒரு நாளைப் போல் மறுநாள் இருக்காது என்றாய். "குழாயடில ரெண்டு பொம்பளைங்க வாய் குடுத்து வாய் வாங்கற மாதிரியா?" என்றேன். நீ மேசையைத் தட்டினாய். "அதேதாம் ஏட்டி! இத இங்க ஒருத்தனுக்கும் இப்படிச் சொல்லத் தெரியல." அந்த வருடக் குளிர்காலம் முடிவதற்குள் நீ அந்தக் குழாயடியில் நன்றாகவே வாய் கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாய். உணவகத்தில் உனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. நீ வாசிக்க எழுந்தால் சாப்பிடுகிறவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

அப்போதுதான் சாமுவேல் அண்ணாவின் ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது கலிஃபோர்னியாவில். நீ ஒரு வார்த்தை பேசாமல் பெட்டி கட்டினாய். நான்தான் கத்தினேன். "இப்பத்தான் உனக்குன்னு நாலு பேரு கிடைச்சிருக்காங்க. ஒரு வார்த்த சொல்லலாமில்ல?" நீ பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "விசா அவருக்குல்லா இருக்கு" என்றாய். 

ஃப்ரீமாண்டில் நீ முதலிலிருந்து ஆரம்பித்தாய். நிஷா பிறந்தாள். உனக்கு வேலை செய்யும் அனுமதி அட்டை வந்தது. நீயே கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாய். அதன் பிறகு எனக்கு வந்த போன்களெல்லாம் ஏதாவது ஒரு ஃப்ரீவேயிலிருந்துதான் வந்தன. பாலே நடனம் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசித்தாய். கியூபா இசைக் குழுவில் மூவர் நின்று ஊதும் எக்காளங்களுக்கு நடுவே வாசித்தாய். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பழைய சினிமாப் பாட்டு வாசித்தாய். வீடியோ கேமுக்கு வாசித்தாய். "நேத்து நா சோப்பு வெளம்பரம். இன்னிக்கி ஒரு டிராகன். அது பறக்கும்போ என் எடது கை, நெருப்பு கக்கும்போ வலது கை" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் அழும் நிஷாவை அதட்டுவாய். அவள் "அம்மா, ஸ்டாப் டாக்கிங்!" என்று பதிலுக்குக் கத்துவாள்.

செஷன் மியூசிஷியன் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். அதுவரை கண்ணால் பார்க்காத தாளை எதிரே வைப்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் பல காலமாகத் தெரிந்த பாட்டைப்போல வாசிக்க வேண்டும். முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். யாரைப்போல வாசிக்கச் சொன்னாலும் நீ வாசித்தாய். அதனால்தான் உன்னைத் தேடிக் கூப்பிட்டார்கள். பெயர் எங்கும் இருக்காது. நான் அதற்காகவும் கோபப்பட்டேன். "பேரு போட்டா மட்டும் என்ன, தப்பாத்தான எழுதுவானுவ" என்று சிரித்தாய்.

பிறகு அந்த வாய்ப்பு வந்தது. பெரிய மேடைகளில் பாடும் ஒருவர், தன் கோடைப் பயணம் முழுவதும் நீ கூட வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார். எனக்குப் போன் செய்து அதை இரண்டு முறை சொன்னாய். அதே வாரம் சாமுவேல் அண்ணாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டே போக வேண்டும். கிரீன் கார்டு இன்னும் வரிசையில் எங்கேயோ நின்றது. ஹூஸ்டனில் ஒரு வேலை கிடைத்தது. அந்தப் பாடகரிடம் நீ வர முடியாது என்று சொல்லிவிட்டாய். நாங்கள் அதற்குள் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

"கௌசி, உங்க ஊர்ல பியானோ வாசிக்க ஆள் வேணுமான்னு கொஞ்சம் கேளு" என்று போனில் சொன்னாய். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், வேணுமாம், உடனே வரச் சொன்னாங்க என்றேன்.

மூன்றாவது முறையாக நீ முதலிலிருந்து ஆரம்பித்ததை இந்த முறை கண்ணாலேயே பார்த்தேன். கன்ட்ரி என்கிற கிராமியப் பாட்டுக்காரர்களுக்கு வாசித்தாய். மெக்சிகோக்காரர்களின் கல்யாணங்களில் வாசித்தாய். ஹோட்டல் முகப்பில், யாரும் கேட்காத பியானோவில், யாரோ கேட்பதுபோல வாசித்தாய். ஃப்ரீவேயை ஒட்டி ஒரு ஸ்டுடியோ வைத்திருந்த பிரையன்தான் உனக்குப் பாதி வேலை கொடுத்தவன். ஞாயிறு நண்பகலில் ஓர் உணவகத்தில் வெண்டல் என்ற முதியவர் பியானோ வாசிப்பதைக் கேட்க மட்டும் எந்த வேலையையும் விட்டுவிட்டு ஓடுவாய். ஊர்க்காரர்கள் அவரைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். நீ ஒருமுறை அவருக்குப் பிறகு வாசித்தபோது எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். கலிஃபோர்னியா என்றாய். அன்றிலிருந்து உன் பெயரே அவருக்குக் கலிஃபோர்னியாதான்.

வெண்டலுக்காகப் பிரையன் உன்னைக் கூப்பிட்ட சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் கார் பழுது பார்க்கப் போயிருந்தது. நான்தான் உன்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். வெண்டலின் வலது கை நோயால் நடுங்கத் தொடங்கி, அவர் உணவகத்தில் வாசிப்பதை நிறுத்தியிருந்த சமயம். பிரையன் அவருடைய கடைசி ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தான். உன்னை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். இடது கை திடமாக நடந்துவந்தது. வலது கை தடுக்கித் தடுக்கி விழுந்தது. எனக்கே கேட்டது.

அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "வலது கை மட்டும் போதும், அதைக் கணினியில் பிரித்து மாற்றிவிடுவேன். அவரைப்போலவே நீ வாசித்துவிடு. உன்னால்தான் முடியும். யாருக்கும் தெரியாது."

"அவர் கேட்பாரே?" என்றாய்.

"கேட்கட்டும். தான் நன்றாகத்தான் வாசித்திருக்கிறோம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார். வயதானவருக்கு அதில் என்ன குறை?"

 திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்தாய். காரில் நான் பிரையன் பக்கமே பேசினேன். சாமுவேல் அண்ணா அப்போது மறுபடி வேலை தேடிக்கொண்டிருந்தார். இவனும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? "யாருக்கும் தெரியாதுன்னா வாசிச்சுக் குடுத்துட்டு வா புள்ள. அந்தப் பெரியவருக்கும் சந்தோசந்தானே."

"எனக்கும் அதேதாம் தோணிச்சு. அதாம் பயமா இருக்கு" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், "அவரு வீட்டுக்கு விடு" என்றாய்.

வெண்டல் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அவரே வந்து கதவைத் திறந்தார். உன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"பிரையன் உன்னைக் கூப்பிட்டானா, கலிஃபோர்னியா?"

நீ தலையாட்டினாய்.

"நடுங்குவது என் கைதான். காது நன்றாகத்தான் கேட்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை." அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் ஏறி இறங்கின. கிளம்பிவிடலாம் என்று நான் உனக்குக் கண்ணைக் காட்டினேன். நீ நகரவில்லை.

"நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்ல முடியவில்லை."

"நான் வேண்டாம் என்றால்?"

"வாசிக்க மாட்டேன்."

"அவன் வேறு ஆளைக் கூப்பிடுவான்."

"கூப்பிடுவார்."

அவர் நடைவண்டியை ஊன்றி எழுந்தார். பிறகு பியானோவைக் காட்டினார். சுவரோடு ஒட்டி நின்ற பழைய பியானோ. அவர் இடப்பக்கம் உட்கார்ந்து இடது கையை வைத்தார். நீ அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாய். அவர் கை நடக்கத் தொடங்கியது. உன் கை மேலே சேர்ந்தது.  உணவகத்தில் நான் கேட்ட அதே வெண்டல். கண்ணை மூடிக்கொண்டால் ஓர் ஆள்தான் வாசிக்கிறார் என்று சத்தியம் செய்வேன்.

அவர் சட்டென்று நிறுத்தினார். "இது யார்?"

"நீங்கள்."

"இவனை எனக்கு நன்றாகத் தெரியும். இவன் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. இவனோடு உட்கார எனக்கு விருப்பமில்லை. நீ வாசி."

அவர் இடது கை மறுபடி தொடங்கியது. நீ கையைத் தூக்கினாய். அது கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றது. சோப்பையும் டிராகனையும் கியூபாவையும் டெக்சஸையும் வாசித்த கை எதையும் தொடாமல் மடிக்குத் திரும்பி வந்தது. உன்னை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது நீ அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "என்னோடதுன்னு ஒண்ணு இருக்காட்டி, கௌசி? எல்லாவனுக்க மாதிரியும் வாசிப்பேன். எனக்க மாதிரின்னா எப்படின்னே தெரியலியே."

 "தெரியலைன்னா போய்க் கேளு. அவருதானே கேட்டாரு" என்றேன்.

திங்கட்கிழமை பிரையனுக்குப் போன் செய்தாய். வெண்டலுக்கு எல்லாம் தெரியும், அவரும் நானும் ஒரே பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறோம், இல்லாவிட்டால் என்னால் முடியாது என்றாய். நீ அவரிடம் போய்ச் சொன்னது அவனுக்குத் துரோகமாகப்பட்டது. அவன் கூப்பிடுவதை நிறுத்தினான். மற்ற ஸ்டுடியோக்களும் கூப்பிடவில்லை. ஒரு டேகேர் காப்பகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு வாசிக்கப் போனாய். "எனக்கு இப்போ ரொம்ப கஷ்டமான ரசிகருங்க. பிடிக்கலைன்னா கடிக்குதுவ" என்றாய்.

ஞாயிறு மதியங்களில் வெண்டல் வீட்டுக்குப் போனாய். பல நாள் நானும் வந்தேன். அவர் எதையும் சொல்லித்தரவில்லை. இடது கையை வாசிப்பார், காத்திருப்பார். நீ எதையாவது தொடங்குவாய். "இது நியூ ஜெர்சி" என்பார். "இது யாரோ கியூபாக்காரன்" என்பார். நீ கையை எடுத்துவிடுவாய். பிறகு இருவரும் காபி குடிப்பீர்கள். அவர் காலமான தன் மனைவியைப் பற்றிப் பேசுவார். நீ நிஷா தமிழில் பேச மறுப்பதைப் பற்றிப் புலம்புவாய். ஒருநாள் வாசிக்கும்போது உன் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. சரிசெய்யாமல் நீ அதன் பின்னாலேயே போனாய். எங்கே போகிறாய் என்று உனக்கும் தெரியவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது. மிக மெதுவாக, இடம் விட்டு விட்டு வாசித்தாய். நான் உன்னிடம் கேட்ட எந்த வாசிப்பைப்போலவும் அது இல்லை. முடிந்ததும் வெண்டல் ஊர் பெயர் எதையும் சொல்லவில்லை. "மறுபடி" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பெண்ணோடு வாசிக்கிறேன், இல்லாவிட்டால் ஆல்பமே வேண்டாம் என்று வெண்டல் பிரையனிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பிரையனே அந்த வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான். உள்ளே வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. "தேதி சொல்லுங்கள்" என்றான்.

பதிவு நாளில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒரே ஆசனத்தில் நீங்கள் இரண்டு பேர். அவருக்கு இடது பாதி, உனக்கு வலது பாதி. நடுவில் ஒரு பாட்டின்போது அவருடைய வலது கை தன்னையறியாமல் எழுந்து உன் கைக்கு மேலே காற்றில் அசைந்தது. நடுங்கிக்கொண்டே, ஆனால் தாளம் தவறாமல். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் கையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி, அதற்கு இடம் கொடுத்தாய். 

ஆல்பத்தின் அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன. உன் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைப் பார்த்து நீ மூச்சுத் திணறச் சிரித்தாய். ஆல்பம் உலகத்தைப் புரட்டிப் போடவில்லை. ஆனால் அதன் பிறகு உன்னைக் கூப்பிட்டவர்கள், இன்னார் மாதிரி வாசி என்று சொல்வது குறைந்தது. உன்னுடைய சின்னக் குழுவுக்கு மாதம் ஒரு மேடையாவது கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் அண்ணாவுக்கு டாலஸில் வேலை வந்தது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அதைச் சொன்னார். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். கரண்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ இங்கயே இரி. இந்தத் தடவ நா அலையுதேன். வெள்ளிக்கிழம வந்திருவேன்."  நீ அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாய். அவர் போதும் போதும் என்றார். நீ ஊற்றிக்கொண்டே இருந்தாய். அடுப்பைப் பார்ப்பதுபோல நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் சொன்னபடியே செய்தார். திங்கள் காலை கிளம்பி வெள்ளி மாலை திரும்புவார். மழை, புயல் எச்சரிக்கை எதற்கும் நிற்கவில்லை. நீ நோயில் விழும்வரை அப்படியே ஓட்டினார். அதன்பின் வேலையை விட்டுவிட்டு உன் பக்கத்திலேயே இருந்தார்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பித்தானைக்கூட நிஷாதான் போட்டுவிட்டாள். ஆனாலும் ஒருநாள் பியானோ முன்னால் உட்காரவைக்கச் சொன்னாய். "ஒண்ணுமே தெரியல ஏட்டி, பஞ்சத் தொடுத மாதிரி இருக்கு. ஆனா எது எங்க இருக்குன்னு அதுகளுக்குத் தெரியுது பாரு" என்று வாசித்தாய். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சாமுவேல் அண்ணா குழாயை மூடினார். நிஷா மாடிப்படியில் உட்கார்ந்து, "அம்மா, டோன்ட் ஸ்டாப்" என்றாள்.

உன் அடக்க ஆராதனைக்கு வெண்டல் சக்கர நாற்காலியில் வந்தார். ஏதாவது வாசிக்கிறீர்களா என்று யாரோ கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்க நடுங்க என் வளையல்கள் ஆராதனை முழுவதும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன என்று சொல்ல வேண்டும். சாமுவேல் அண்ணா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நிஷா கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள். உன் பெயர் இல்லாமல் நீ எவ்வளவு வாசித்திருக்கிறாய் என்பது அண்ணாவுக்கு நீ போன பிறகுதான் உறைத்திருக்கிறது. அந்த வருடங்களில் அவர் ஆபீசில் இருந்தார். நீ எங்கே போய் என்ன வாசித்தாய் என்று முழுதாகக் கேட்டதில்லை. அதனால் எங்கே பியானோ கேட்டாலும் நின்றுவிடுகிறார். மளிகைக் கடையில், பல் மருத்துவமனையில், பெட்ரோல் போடும் இடத்தில். உடனே எனக்குப் போன் வரும். "கௌசல்யா, இதக் கொஞ்சம் கேளு. இது அவதானா?" போனைக் கூரையிலிருக்கும் ஒலிபெருக்கிப் பக்கம் தூக்கிப் பிடிப்பார். தள்ளுவண்டி உருளும் சத்தம், குழந்தை அழும் சத்தம், அதற்கிடையே எங்கேயோ ஒரு பியானோ.

எனக்குச் சுரமும் தெரியாது, சுருதியும் தெரியாது. இருந்தாலும் இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தங்கிவிட்டது. யாரைப்போல வாசித்தாலும், முதல் கட்டையைத் தொடும் முன் நீ ஒரு மூச்சை வெளியே விடுவாய். அதனால் மற்றவர்களைவிட ஒரு நூலளவு பிந்தித்தான் உள்ளே வருவாய். அதைக் கேட்கிறேன். பெரும்பாலும் அது நீ இல்லை. அவருக்காகக்கூடப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்லீங்கண்ணா, இது வேற ஆளு" என்பேன். "சரிம்மா" என்று வைத்துவிடுவார்.

நேற்று நான் ஆபீஸ் கார் நிறுத்தத்தில் இருந்தபோது மளிகைக் கடையிலிருந்து கூப்பிட்டார். ஏதோ ஒரு சாதாரணப் பாட்டு. கிட்டார்தான் முன்னால் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பியானோ வர வேண்டிய இடம் வந்தது. ஒரு மூச்சு தாண்டியது. பிறகு நீ வந்தாய்.

"அவதாங்கண்ணா" என்றேன்.

 பாட்டு முடியும்வரை அவர் போனை உயர்த்திப் பிடித்தபடியே நின்றிருக்க வேண்டும். ஒலி ஒருமுறைகூடக் குறையவில்லை.